நாம் மறைத்து உண்ட உணவு



தவக்காலம் பிறந்துவிட்டால், மறையுரைக்குப் பொருள் தேடிப் பங்குக் குரு அலைய வேண்டியதில்லை. தருமம், செபம், நோன்பு என்னும் மூன்றையும் நம் ஆண்டவர் தமது மலைப்பொழிவிலே வரிசையாக எடுத்துரைத்திருக்கின்றார். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை விரித்தால் போதும். நாற்பது நாளைக்கும் பொருள் உண்டு. நாமும் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஏறக்குறைய முப்பது தவக்காலங்களில் அந்த அதிகாரத்தை விரித்துப் பேசியிருக்கின்றோம். ஆனால் இம்முறை இப்பக்கங்களில் உங்களுக்கு அறிவுரை கூற நாம் அமரவில்லை. ஒரு குற்றத்தை அறிக்கையிடவே அமர்ந்திருக்கின்றோம். அது பிறர் செய்த குற்றமன்று, நாம் செய்தது. நமது பங்கில் ஊரறிய ஒருமுறை அதைச் சொல்லிவிட்டோம். பிற பங்குகளிலுள்ள குடும்பங்களும் அறிந்தால் யாரேனும் ஒருவருக்காவது பயன்படும் என்னும் எண்ணத்தாலேயே மீண்டும் எழுதத் துணிந்தோம்.

ஆயினும் அதைச் சொல்லுமுன், நோன்பை நாம் எங்கே, யாரிடம் கற்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கவிழ்த்து வைத்த கறிச்சட்டி

நாம் பிறந்து வளர்ந்த ஊர் வானத்தை நம்பிப் பயிரிடும் வறண்ட பூமி. நமக்கு நினைவு தெரிந்த 1970களில், அவ்வூரில் தவக்காலம் வந்ததை நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டியிருந்ததில்லை. அடுப்படியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாயன்று, ஓரளவு வசதியுள்ள வீடுகளிலெல்லாம் கறிக்குழம்பு கொதிக்கும். அன்றிரவே நம் அம்மாச்சி கறிச்சட்டியைச் சாம்பலிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பரண்மேல் கவிழ்த்து வைத்துவிடுவார். இனி அது உயிர்ப்புத் திருநாள் விடியற்காலையில்தான் கீழே இறங்கும். இடையில் யார் விருந்துக்கு வந்தாலும் சரி, அந்தச் சட்டி அசையாது.

முந்திய ஆண்டுக் குருத்தோலைச் சிலுவைகள் மாதா படத்தின் பின்னால் செருகப்பட்டுச் சருகாய்க் காய்ந்திருக்கும். கோயிற்பிள்ளை வீடுவீடாக வந்து அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்வார். அவை எரிந்து சாம்பலாகி, புதனன்று நம் நெற்றிக்கே திரும்பி வரும். அம்மாச்சி அந்நாளைக் கடைசிவரை 'விபூதிப் புதன்' என்றே சொன்னார்.

நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும் வயிறார உண்பதை 'ஒருசந்தி' என்றும், புலால் விலக்கி உண்பதைச் 'சுத்தபோசனம்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். இவ்விரு சொற்களும் இன்றைய பிள்ளைகளின் காதுகளுக்குப் புதியனவாக இருக்கலாம். அம்மாச்சி காலையில் வெறும் நீராகாரம் அருந்துவார். நண்பகலில் ஒருவேளைச் சோறு. இரவில் ஏதேனும் ஒரு கை. தாம் உண்ணாத வேளைக்குரிய அரிசியை அவர் மறுபடியும் குதிரிலே கொட்டியதை நாம் கண்டதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி தனிக் கலயம் ஒன்றில் விழும். பெரிய வெள்ளியன்று கோயில் முற்றத்தில் காய்ச்சப்படும் கஞ்சிக்கு அந்தக் கலயம் போய்ச் சேரும்.

அந்தக் கஞ்சியை மறக்க இயலுமா? வியாழன் மாலையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். சிறுவர்களாகிய நாம் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று வழிபாட்டுக்கு அழைப்போம். வெள்ளியன்று சிலுவை முத்தி செய்து முடிந்ததும், பணக்காரர், கூலியாள் என்னும் வேறுபாடின்றி எல்லாரும் மணலில் அமர, பனையோலைப் பட்டைகளில் கஞ்சி ஊற்றுவார்கள். ஓரத்தில் சிறிது துவையல். நாள் முழுதும் பசித்திருந்த வயிற்றுக்கு அதைவிடச் சுவையான உணவு இவ்வுலகில் இல்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இவ்வளவு கடுமையாக நோன்பிருந்த அம்மாச்சி, வீட்டில் எல்லாரையும் நோன்பிருக்க விடமாட்டார். கருவுற்றிருந்த நம் சித்தி ஒரு வெள்ளிக்கிழமை தாமும் ஒருசந்தி என்று தட்டை விலக்கியபோது, "வயித்துப் பிள்ளைக்கு யாருடி ஒருசந்தி வச்சது? ஒக்காந்து சாப்புடு" என்று அதட்டிச் சோறு போட்டார். ஆடு மேய்க்கப் போகும் சிறுவனுக்கும், கிணறு வெட்டப் போகும் ஆளுக்கும் காலையில் கூழ் ஊற்றாமல் அனுப்பமாட்டார். எழுத்துக் கூட்டியும் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிக்கு, நோன்பு யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஏட்டில் கற்றது

பின்னர் நாம் குருமடம் சென்றோம். நோன்பின் வரலாற்றையும் சட்டத்தையும் ஏட்டில் கற்றோம். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி முடிய 46 நாட்கள். அவற்றுள் ஞாயிறுகள் ஆறையும் நீக்கினால் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளாதலின் நோன்புக் கணக்கில் சேராது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 21 வயது நிறைந்தோர் அறுபதாம் வயது தொடங்கும்வரை, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதும் நோன்பிருக்கப் பணித்தது. இடத்துக்கேற்பத் தளர்வுகளும் வழங்கப்பட்டன. அந்த நோன்பு பெரிய சனிக்கிழமை நண்பகலோடு முடிந்துவிடும். அக்காலத்தில் பாஸ்கா திருவிழிப்பே சனிக்கிழமை காலையில்தான் நடைபெற்று வந்தது. 'சனிக்கிழமை வெயிலிலேயே அல்லேலூயா பாடிவிடுவோம்' என்று அம்மாச்சி கூறியதன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் வெளியிட்ட ஆணையினாலே, அடுத்த ஆண்டு முதல் அவ்வழிபாடு இரவுக்குரியதாயிற்று.

திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1966 பிப்ரவரியில் நோன்புச் சட்டத்தை எளிதாக்கினார். 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அதே வழியில் சென்றது. இன்று கட்டாய நோன்பு நாட்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தோர் அறுபதாம் வயது தொடங்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சுத்தபோசனச் சட்டம் 14 வயது நிறைந்தோருக்கு உரியது. நோயுற்றோரை நோன்புச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. நற்கருணை உட்கொள்ளுமுன் ஒருமணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கிலும், மருந்தும் தண்ணீரும் தடையல்ல; முதியோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒருமணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம். இவையனைத்தையும் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

நம் நாட்டு மறைபரப்பின் வரலாறும் நம் நெஞ்சைத் தொட்டது. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர், புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை உணவோடு வாழ்ந்தார். 1647இல் லிஸ்பன் நகரில் உயர்குடியிற் பிறந்த அருளானந்தரும், பண்டாரக் கோலம் பூண்டு மரக்கறி உணவையே உண்டு மறவநாட்டில் அலைந்தார். அவர் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்டது 1693 பிப்ரவரி 4. அவ்வாண்டு உயிர்ப்புத் திருநாள் மார்ச் 22ஆம் நாள் வந்தது. அதற்கு முந்தி அத்திருநாள் வரவே முடியாது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: அந்தப் பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன்! மண்ணாயிருக்கின்றாய் என்று திருச்சபை நெற்றியில் எழுதும் நாளிலேயே அவர் அம்மண்ணில் சாய்ந்தார். இதை முதன்முறை கணக்கிட்டறிந்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் அத்தகைய துறவியாக வாழ வேண்டுமென்று உறுதி பூண்டோம்.

நல்ல உறுதிதான். ஆனால் அதனோடு வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகள் தோறும் நாம் ஒருசந்தி இருந்தோம்; ஐம்பது வயதுவரை அதில் தவறவில்லை. "நம்ம சாமி பச்சைத் தண்ணி பல்லுல படாம சிலுவைப்பாதை ஏறுவாரு" என்று மக்கள் பேசிக்கொள்வது காதில் விழும், விழாததுபோல் நடந்துகொள்வோம். உள்ளத்திலோ அது தேனாய் இனிக்கும். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, பிறர் அறியாதவாறு இருக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை நாம் மறையுரையில் விளக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அடைத்த கதவு

2018ஆம் ஆண்டு நமக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார். காலை மாத்திரை, அதையடுத்துக் காலை உணவு. எதன் பொருட்டும் உணவைத் தள்ளக்கூடாது என்று கண்டிப்பாகக் கூறினார். 'தவக்காலத்தில் நோன்பு இருக்கலாமா?' என்று கேட்டோம். 'வேண்டாம், ஃபாதர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நாம் மருத்துவருக்குக் கீழ்ப்படிந்தோம். ஆனால் ஊரறியாமல் கீழ்ப்படிந்தோம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு, பங்கு இல்லத்தின் சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு இட்டலி உண்டோம். சட்டினி அரைக்கும் ஓசை வெளியே கேட்குமென்று பொடி தொட்டுக்கொண்டோம். சமையல் செய்யும் பெரியவரிடம், "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நோவு வந்தா சாப்புடத்தானே சாமி வேணும், இதுல என்ன இருக்கு?" என்றார். நாம் பதில் கூறவில்லை. விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கக்கூடாது என்று நமக்கு நாமே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டோம். உண்மை அதுவன்று. பச்சைத் தண்ணீர் பல்லில் படாத சாமியார் என்னும் பெயரை இழக்க நமக்கு மனமில்லை.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன். கோயில் நிறைந்திருந்தது. நோன்பைப் பற்றி நாம் அனல் பறக்கப் பேசினோம். தவக்கால வெள்ளிக்கிழமைகள் அனைத்திலும் பங்கு முழுவதும் ஒருசந்தி இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டோம். அதுவரை தவறில்லை. அதற்குமேல், சொல்லின் வேகத்தில், சர்க்கரை என்றும் இரத்த அழுத்தம் என்றும் ஆளுக்கொரு மருத்துவச் சீட்டைக் காட்டித் தப்பிக்கும் காலம் இது என்று ஏளனமாகக் கூறினோம். மக்கள் சிரித்தார்கள். பீடத்தருகே நின்று அவ்வாறு பேசியவரின் சட்டைப்பைக்குள்ளேயே அன்று மாத்திரை இருந்தது.

அந்தக் கூட்டத்தில், கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் விதவைத் தாய் ஒருவரும் இருந்தார். வயது 64. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர். வயதினாலும் நோயினாலும் சட்டம் அவரை இருமுறை விடுவித்திருந்தது. ஆனால் சட்டத்தை அறிந்திருந்த நாம் அதைச் சொல்லவில்லை. சொல்லாததோடு நில்லாமல், அவரைப் போன்றோரை எள்ளி நகையாடவும் செய்தோம். அவர் வீட்டுக்குச் சென்று, வெள்ளிக்கிழமை தோறும் காலையில் மாத்திரையை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, நண்பகல்வரை ஒன்றும் உண்ணாமல் இருந்திருக்கின்றார்.

மார்ச் 24, தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை. காலையில் ஊரை அடுத்த சிறு குன்றின்மேல் சிலுவைப்பாதை செய்தோம். பன்னிரண்டாம் நிலையில் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருந்த வேளையில், பெண்கள் பகுதியில் சலசலப்பு எழுந்தது. அந்தத் தாய் பாறையின்மேல் சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை; கைகள் நடுங்கின; பேச்சு குழறிற்று. வெயிலின் கொடுமை என்று சிலர் விசிறினார்கள். நல்லவேளையாக, விடுமுறைக்கு வந்திருந்த செவிலியப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, காலைல மாத்திரை போட்டீங்களா?"

தலையசைப்பு.

"சாப்பிட்டீங்களா?"

"ஒருசந்திம்மா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சிறுவர்களுக்கென்று யாரோ கொண்டுவந்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்து, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். சற்று நேரத்தில் அவர் கண் தெளிந்தது. இளைஞர்கள் அவரைத் தூக்கிக் கீழே கொண்டுசெல்ல, மருத்துவமனைக்கு அனுப்பினோம். அப்போது அந்தப் பெண் நம்மிடம் வந்து, மரியாதை குறையாமல், ஆனால் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: "ஃபாதர், இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்து. சர்க்கரை எழுபதுக்குக் கீழ இறங்கினாலே கவனிக்கணும். நீங்கதான் எல்லாரும் இருக்கணும்னு சொன்னீங்களாமே?"

எஞ்சியிருந்த இரண்டு நிலைகளையும் நாம் எப்படிச் சொல்லி முடித்தோம் என்பது நினைவில்லை. அன்று காலை எட்டு மணிக்கு நாம் உண்ட இரண்டு இட்டலி மட்டும் வயிற்றில் கல்லாய்க் கிடந்தது.

ஒரு தாயின் கேள்வி

மாலையில் மருத்துவமனைக்குச் சென்றோம். அவர் தேறியிருந்தார், எழுந்து உட்கார்ந்து, "சாமி ஏன் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று நமக்கு நாற்காலி தேடினார். சிலுவைப்பாதையைக் கெடுத்துவிட்டதாக அவர் நம்மிடம் மன்னிப்பு வேறு கேட்டார். அதற்குமேல் நம்மால் பொறுக்க இயலவில்லை. நமக்கும் அதே நோய் என்பதையும், ஐந்து ஆண்டுகளாக நாம் வெள்ளிக்கிழமைகளில் உண்டு வருவதையும், அதை மறைத்து வந்ததையும் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னிக்கும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

"சாப்பிட்டேன், அம்மா. இரண்டு இட்டலி."

"அதைச் சொல்லியிருந்தா நானும் சாப்பிட்டிருப்பேனே, சாமி."

அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை. ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய பாவங்களைக் கேட்டு வந்த நமக்கு, நம் பாவத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நாம் தலைகுனிந்திருப்பதைக் கண்டு அவரே இரங்கி, "சட்டினியாவது வச்சுக்கிட்டீங்களா?" என்றார். பொடிதான் என்றோம். சிரித்துவிட்டார்.

அன்றிரவு திருவிவிலியத்தை எடுத்து, அரசர் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தை வாசித்தோம். எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் சோர்ந்து, சாவை வேண்டிப் படுத்திருக்கின்றார். வானதூதர் வந்து அவரைத் தட்டியெழுப்புகின்றார். எதற்காக? செபிக்கவா? நோன்பிருக்கவா? இல்லை; உண்பதற்காக. ஒருமுறை உண்டு மீண்டும் படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பி, பயணம் நீண்டது, உண்ணும் என்கின்றார். அந்த உணவின் வலிமையால்தான் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து கடவுளின் மலையை அடைந்தார். நாற்பது நாள் நோன்புக்கு முன்னோடியாக எலியாவை எத்தனையோ முறை நாம் எடுத்துக்காட்டியிருக்கின்றோம். அதற்கு முன்னுள்ள அப்பமும் தண்ணீரும் நம் கண்ணில் பட்டதேயில்லை. அம்மாச்சி வானதூதரின் வேலையைத்தான் செய்துவந்தார் என்பதும் அன்றே நமக்குப் புரிந்தது.

திறந்த கதவு

மார்ச் 26, ஞாயிறு. திருப்பலியில் மறையுரைக்குப் பதிலாக, நடந்ததை நடந்தபடியே மக்களிடம் சொன்னோம். 'உங்கள் பங்குக் குரு சர்க்கரை நோயாளி. தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் காலையில் உண்பவர். திருநீற்றுப் புதனன்று அவர் நோயாளிகளைக் குறித்துக் கூறியது தவறு' என்று அறிக்கையிட்டோம். சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும், யாரை விடுவிக்கும் என்பதையும் விளக்கினோம். கோயிலில் ஓசையே இல்லை.

திருப்பலிக்குப் பின் உடைமாற்றும் அறைக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். குடற்புண்ணால் அவதிப்படும் ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் தேநீர்க் கடையில் வடை தின்று வந்ததைச் சொன்னார். பால் கொடுக்கும் இளந்தாய் ஒருத்தி, மாமியாருக்கு அஞ்சி நோன்பிருந்ததைச் சொல்லி அழுதாள். நாம் ஒருவர் கதவை அடைத்ததால் ஊரில் எத்தனை கதவுகள் அடைபட்டுக் கிடந்தன என்பதை எண்ணி வெட்கினோம்.

எல்லாரும் மெச்சினார்கள் என்று கூறினால் அது பொய்யாகும். பங்கின் மூத்த பெரியவர் ஒருவர், நோன்பில் மிகுந்த பற்றுள்ளவர், மனம் வருந்தி வந்தார். "சாமி, நீங்க சொன்னது நெசந்தான். ஆனா சாமியே சாப்புட்டேன்னு கோயில்ல சொல்லிப்புட்டா, நாளைக்கு எளவட்டப் பய ஒருத்தன் ஒருசந்தி இருப்பானா?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அடுத்த வெள்ளியன்று, கல்லையும் செரிக்கும் வயதுள்ள வாலிபர் சிலர் 'சாமியே சாப்பிடுகிறார்' என்று சொல்லிக்கொண்டு புரோட்டாக் கடையில் அமர்ந்திருந்ததையும் கேள்வியுற்றோம். அவர்களை அழைத்துப் பேசினோம். நோயாளி உண்பது அவனுடைய மருந்து. உடல்நலமுள்ளவன் அதைச் சாக்காகக் கொள்வது நோயாளியின் ஊன்றுகோலைப் பிடுங்கி விளையாடுவதற்கு ஒப்பாகும் என்றோம். இருவர் கேட்டார்கள்; மற்றவர்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலைக்கு அஞ்சிப் பொய்யை வைத்திருந்தோமே, அதன் விலை ஓர் உயிராக இருந்திருக்கும்.

அப்படியானால் நோயுற்றோருக்குத் தவக்காலமே இல்லையா? இக்கேள்வியைப் பூக்கட்டும் அந்தத் தாயே நம்மிடம் கேட்டார். நாம் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவரே அதைக் கண்டுபிடித்தார். அவருடைய அடுத்த வீட்டில், படுத்த படுக்கையான ஒரு மூதாட்டி இருக்கின்றார். தண்ணீர்க் குழாயின் பொருட்டு இருவருக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. 2024ஆம் ஆண்டுத் தவக்காலம் முழுவதும், மாலையில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரத்தை விட்டுவிட்டு, இவர் அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுசென்று ஊட்டிவந்தார். முதல் நாள் அந்த மூதாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். "நாலு நாளு கழிச்சுத்தான் சாமி வாயைத் தொறந்தா" என்றார். பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதே இறைவன் விரும்பும் நோன்பு என்று எசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் முழங்குவதை, அவர் வாசித்தறிந்தவரல்லர், செய்தறிந்தவர்.

இதை வாசிக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் நமது வேண்டுகோள் இது. தவக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் இரவு, செபமாலைக்குப் பின், வீட்டில் யார் நோன்பிருக்கலாம், யார் இருக்கலாகாது என்பதைக் கூடிப் பேசுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போர், மருத்துவரைக் கேளாமல் உணவைத் தள்ளவும் வேண்டாம், மருந்தைத் தாமாகக் குறைக்கவும் வேண்டாம். வியர்வையும் நடுக்கமும் குழறலும் கண்டால், விழுங்க இயன்றவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். நலமுள்ளவர்களோ, நன்றாக நோன்பிருங்கள். அம்மாச்சியின் பிடி அரிசிக் கலயத்தையும் மீண்டும் அடுப்படியில் வையுங்கள். உண்பவர் உண்ணாதவரைப் பார்த்து நகைக்க வேண்டாம். உண்ணாதவரும் உண்பவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

நம்மைப் பொறுத்தவரை, ஒருசந்தி நமக்கு இல்லாமற்போனது பெரிய இழப்பே. அதை மறைக்க விரும்பவில்லை. சிலுவைப்பாதையில் காய்ந்த நாவோடு நின்ற அந்நாட்களுக்காக இன்றும் ஏங்குகின்றோம். ஆனால் இப்போது வெள்ளிக்கிழமை காலைகளில் பங்கு இல்லத்துச் சமையலறைக் கதவு திறந்தே இருக்கின்றது. பெரிய வெள்ளியன்றும் எட்டு மணிக்கு, போவோர் வருவோர் காணத் திண்ணையில் அமர்ந்து உண்கின்றோம். முதலாண்டு அந்த இரண்டு இட்டலியை விழுங்குவதற்குள் உடம்பு கூசிற்று. பீடச் சிறுவன் ஒருவன் வந்து எதிரே நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்தான். நாம் இதுவரை இருந்த எந்த நோன்பும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. ஒறுத்தல் என்பது இதுவாகவும் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

அன்று மாலை வழிபாடு முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பூக்கட்டும் தாய் வரிசையில் நமக்கு முன்னே நின்றார். தம் பட்டையை நீட்டிக் கஞ்சியை வாங்கிக்கொண்டு திரும்பியவர், நம்மைக் கண்டதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "காலைல சாப்பிட்டீங்களா, சாமி?"

"சாப்பிட்டேன், அம்மா. நீங்கள்?"

"சாப்பிட்டேன், சாமி."

இருவரும் மணலில் அமர்ந்து கஞ்சி குடித்தோம்.

இத்தவக்காலம் உங்கள் இல்லங்களில் அடைபட்ட கதவுகளைத் திறக்கட்டும். கவிழ்த்து வைத்த சட்டிகள் உயிர்ப்பு விடியலில் மகிழ்ச்சியோடு நிமிரட்டும். உங்கள் செபத்தில் இந்தப் பங்குக் குருவையும் நினைந்துகொள்ளுங்கள்.